நான் எழுதி ஒட்டிய முடிவு

1. கிழிக்கிற வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி பஞ்சாபகேசன் என் கையில் ஒரு இரும்பு ஸ்கேலையும் ஒரு வாரப் பத்திரிகையையும் கொடுத்து, "கிழி" என்றார்.

நான் நாசரேத் பக்கத்துக்காரன். வேதப் புத்தகத்தின் ஓரத்தை மடித்தாலே முதுகில் விழும் வீட்டில் வளர்ந்தவன். அச்சடித்த காகிதத்தைக் கிழிக்கச் சொன்னால் கை வருமா? முழித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கறே சகாயம்? தொடர்கதை இருக்கிற பக்கத்தை மட்டும் கிழி. ஸ்கேலை வெச்சு அழுத்திண்டு மேலேர்ந்து கீழே இழு. பிசிறு வரப்படாது."

அறுபத்து மூன்றாம் வருஷம். மாட்டுங்காவில் ஒரு லெண்டிங் லைப்ரரி. தமிழ்ப் பத்திரிகைகள் மதராஸிலிருந்து பார்சலில் தாதர் ஸ்டேஷனுக்கு வரும். ஒவ்வொரு இதழும் ஒரு மாதம் வீடு வீடாகச் சுற்றும். சுற்றி முடித்துக் கசங்கி வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வரிசையாக அடுக்கி வைப்போம். கதை முடிந்ததும் பைண்டு செய்து, நாவல் என்று பெயர் போட்டு, மறுபடியும் சுற்றுக்கு விடுவோம். அந்தக் காலத்தில் பல கதைகள் புத்தகமாக வரவே வராது. நாங்கள் கிழித்துத் தைத்ததுதான் புத்தகம். பக்கத்தின் பின்புறம் கூந்தல் தைல விளம்பரமோ, வேறு யாருடைய கதையின் நடுப்பகுதியோ இருந்தால் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. அவ்வளவுதான்.

பைண்டுக்கு மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்போம். அந்தப் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கிழிப்பது, தைப்பது, ஒட்டுவது, பையில் போட்டு மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று வீடுகளுக்குக் கொண்டு போவது எல்லாம் நான்தான். குடியிருந்தது தாராவியில். இப்போது லைப்ரரி வேலைக்கு வருகிற பிள்ளைகள், "உங்க காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். சமாளித்த கதையெல்லாம் பெருமையாகச் சொல்லலாம். சமாளித்ததால் கெட்டுப்போன ஒரு கதை இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2. ஞாயிறும் திங்களும்

பம்பாயில் அப்போது தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி ஒன்றுதான். மதராஸில் ஓடி ஓய்ந்து, பிரிண்டில் கோடு விழுந்த பிறகு இங்கே வரும். ஆனாலும் திருவிழாக் கூட்டம். மாட்டுங்கா மாமிகளும் தாராவி அண்ணாச்சிகளும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து அழுவார்கள்.

பத்திரிகையில் வந்த கதை படமாக வந்துவிட்டால் திங்கட்கிழமை எங்கள் பாடு திண்டாட்டம். எல்லாருக்கும் அந்தக் கதை வேண்டும். படித்தவர்களுக்கு மறுபடியும் படித்து, "படத்துல கெடுத்துட்டான்" என்று சொல்ல வேண்டும். படிக்காதவர்களுக்கு, கெடுத்தானா இல்லையா என்று பார்க்க வேண்டும். தாராவியில் வேறு மாதிரி. சால் என்கிற எங்கள் வரிசைக் குடியிருப்பில், படம் பார்த்துவிட்டு வருபவர்கள், "லே சகாயம், புஸ்தகத்துலயும் அவன் கடைசில திருந்திருதானா?" என்பார்கள். இல்லை என்று சொன்னால், "அப்ப படந்தான்ல நல்லாருக்கு" என்று தீர்ப்பு.

இந்த ஒப்பிடுகிற விஷயத்தில் என்னை விடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். பத்மா. மாட்டுங்காவில் அண்ணன் ராஜாமணி வீட்டில், மூன்றாவது மாடியில். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். சோடாப்புட்டிக் கண்ணாடி. புருஷன் விக்ரோலியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. யாரும் என்னிடம் காரணம் சொல்லவில்லை. காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு இருந்தது. புத்தகம் வாங்கக் குனியும்போது தெரியும்.

பத்மா ஒரு நோட்டு வைத்திருந்தாள். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் 'கதை', வலது பக்கம் 'படம்'. எனக்குப் படிக்கக் கொடுப்பாள். அதில் இப்படி இருக்கும்: கதையில் அப்பா தபால்காரர், படத்தில் மிராசுதார். கதையில் மழை இல்லை, படத்தில் இரண்டு தடவை மழை. கதையில் சமையல்காரனுக்கு மூன்று வரி, படத்தில் அரை மணி நேரம் சிரிப்பு. கதையில் அவள் அழவில்லை, படத்தில் அழுகிறாள், பாடுகிறாள், மறுபடியும் அழுகிறாள்.

"சினிமாக்காரா ஒரு பொம்மனாட்டியைத் தனியா விடவே மாட்டா, சகாயம். கதை எங்கே முடிஞ்சாலும் அவளை யார் கையிலயாவது பிடிச்சுக் குடுத்துட்டுத்தான் வணக்கம் போடுவா" என்பாள். இருவரும் வாசலில் நின்றபடி சிரிப்போம். எனக்குத் தெரியாததை அவளும், அவள் பார்க்காததை நானும் சொல்லிக்கொள்வோம். என் பேச்சை அவள் நம்பினாள். என் சர்வீஸில் அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

3. ஈரம் பட்ட கட்டு

எங்களிடம் ஒரு கதை இருந்தது. பெயர் வேண்டாம். கதாநாயகி சுலோசனா. மரக்கடைக்காரப் புருஷனின் கொடுமை தாங்காமல் வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாக இருப்பவள். அந்தக் கதை பத்திரிகையில் முடிந்தது நான் வேலைக்கு வருவதற்கு முன்னால். அந்த வருஷ மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து, கடைசி இரண்டு அத்தியாயங்கள் இருந்த கட்டு கூழாகிப் போனதாம். முதலாளிக்குக் கதை தெரியாது. அவர் இங்கிலீஷ் பேப்பரைத் தவிர வேறொன்றும் படிக்கமாட்டார்.

பத்மா அந்த பைண்டைப் படித்துவிட்டு, "முடிவு இல்லியே சகாயம், இதென்ன அக்கிரமம்!" என்று சண்டைக்கே வந்தாள். எங்கேயாவது தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதற்குள் அந்தக் கதை படமாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் பார்த்தேன். கடைசியில் புருஷனுக்கு மரம் விழுந்து அடிபடுகிறது. சுலோசனா ஓடி வந்து ரத்தம் கொடுக்கிறாள். அவன் கையெடுத்துக் கும்பிடுகிறான். இரண்டு பேரும் ஜோடியாகக் கோயிலுக்குப் போகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி மூக்கைச் சிந்தினார். நானும்தான்.

திங்கட்கிழமை காலை பத்மா வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"படம் பாத்தேளா? அண்ணா, மன்னி, நான் எல்லாருமாப் போனோம். அண்ணா என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துண்டிருந்தான். ஆத்துக்கு வந்ததும் 'பாத்தியா, அவளே போனாளே, உனக்கென்ன கேடு'ன்னு பிடிச்சுண்டான். நான் சொன்னேன், கதையில அப்படி இருக்காது, சினிமாக்காரா மாத்திருப்பான்னு. முப்பத்தெட்டு அத்தியாயம் படிச்சிருக்கேனே, சுலோசனாவை எனக்குத் தெரியாதா?"

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"

"பந்தயம் கட்டிட்டோம். கதையிலயும் அவ திரும்பிப் போயிருந்தா, நான் வாயை மூடிண்டு விக்ரோலிக்குக் கிளம்பறேன். போகலேன்னா, அண்ணா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கப்படாது. டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பணம் கட்டணும், வேலைக்கு விடணும்."

"இதுக்குப் போயா பந்தயம் கட்டுவாக? வெளாடுதீங்களா அம்மா?"

"வேற எதுல நான் ஜெயிக்கப் போறேன், சொல்லுங்கோ" என்று சிரித்தாள்.

விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இல்லை, அப்படி எடுத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

4. பதினோரு தாள்

அன்று மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் அந்தக் கதையைக் கேட்டு வந்தார்கள். "முடிவு இல்லாத புஸ்தகத்தை எப்படி விடறது?" என்று முதலாளி தலையைச் சொறிந்தார்.

நான்தான் சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. "சார், படம் பாத்திருக்கேன். மிச்சத்த நான் எழுதி ஒட்டிருதேன்."

"உனக்கு எழுத வருமா?"

வரும் என்று எனக்கு எண்ணம். மதராஸுக்கு நான்கு சிறுகதை அனுப்பி நான்கும் திரும்பி வந்திருந்தன. அந்த எழுத்தாளரின் நடை எனக்கு மனப்பாடம். இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு தாள் எழுதினேன். மரம் விழுந்தது, ரத்தம் கொடுத்தது, கோயில், எல்லாம். பாட்டை மட்டும் விட்டுவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு, ஒட்டு" என்றார். மயில்துத்தப் பசையால் அழுத்தி ஒட்டினேன்.

கதையில் முடிவு வேறாக இருந்தால்? நினைக்காமல் இல்லை. மற்றதையெல்லாம் மாற்றினாலும் முடிவை மாற்றியிருக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்மாவின் நோட்டை அத்தனை தடவை படித்தவன் நான். எனக்கு அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை ஒரு ரிட்டயர்டு ரயில்வே கிளார்க் கவுண்டரில் அந்த பைண்டைப் புரட்டிப் பார்த்தார். "கடைசியில ஏதோ பஸ் வருமே, சகாயம்? அப்போ பத்திரிகைல படிச்ச ஞாபகம்" என்றார்.

"அது வேற கதை சார்" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தேன்.

வியாழக்கிழமை காலை பத்மா கையில் கொடுத்தேன். ராஜாமணி சார் ஆபீஸுக்குக் கிளம்புமுன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்மா நேராகக் கடைசிக்குப் போய், நின்றபடியே பதினோரு தாளையும் படித்தாள். நான் பையைத் தோளில் மாட்டியபடி காத்திருந்தேன். முடித்துவிட்டு முதல் தாளுக்குத் திரும்பி மறுபடியும் கொஞ்சம் பார்த்தாள்.

"இது பத்திரிகைல வந்ததுதானா, சகாயம்?"

ராஜாமணி சார் பேப்பரை இறக்கினார். என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. பழைய இதழ் ஓரிடத்துல கெடச்சுது. அப்படியே பாத்து எழுதினேன். ஒரு எழுத்து மாத்தல."

இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவள் கேட்டதற்கு ஆமாம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஒரு எழுத்து மாத்தல என்று யார் என்னைச் சொல்லச் சொன்னது?

"அப்படியா" என்றாள். பிறகு, "நன்னாதான் எழுதியிருக்கார், இல்லே?" என்றாள். அந்த எழுத்தாளரைச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பாவி, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது!

அலமாரி மேலிருந்து நோட்டை எடுத்தாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, கோட்டின் மேலேயே பென்சிலால் எழுதினாள்: 'முடிவு: அதேதான்.' நோட்டை மூடினாள்.

அடுத்த திங்கட்கிழமை பத்மாவின் மன்னிதான் கதவைத் திறந்தார். புத்தகத்தை என்னிடம் நீட்டி, "பத்மா ஆத்துக்காரர் வந்து அழைச்சுண்டு போயிட்டார். இனிமே வாரத்துக்கு ஒரு புஸ்தகம் போறும்" என்றார்.

5. செல்லையா அண்ணாச்சி கடை

தாராவியில் செல்லையா அண்ணாச்சி பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். ரத்திக் கடை என்போம். விட்டுப்போன இதழ்களைத் தேடி மாதம் ஒரு தடவை அங்கே போவேன். பத்மா போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள்.

"வாரும் வே. மறுபடியும் குப்பையக் கிண்ட வந்துட்டீரா? மாட்டுங்கால ஒரு வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போனாவ. நாலு மூட்டை வந்திருக்கு. பாரும். பாத்துட்டு எடுத்த எடத்துல வையும், ஆமா."

இரண்டாவது மூட்டையில், சுலோசனா கதையின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் வந்த இதழ்கள் அடுத்தடுத்து இருந்தன. நின்றபடியே படித்தேன்.

மரம் விழவில்லை. புருஷன் ஒரு நாள் சாயங்காலம் சுலோசனா வீட்டுக்கு வருகிறான். இளைத்திருக்கிறான். தப்புத்தான் என்கிறான், வா என்கிறான். அவள் உட்காரச் சொல்கிறாள். காப்பி கொடுக்கிறாள். உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தரைக்குக் கடைசி பஸ் என்கிறாள். கூடவே நடந்து போய் பஸ் ஏற்றிவிடுகிறாள். வீட்டுக்குத் திரும்பி, பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்த உட்காருகிறாள். அவ்வளவுதான் கதை.

மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னவே மூஞ்சி இப்படிப் போவுது? கதையில யாரும் செத்துட்டாவளா?"

"இல்ல அண்ணாச்சி. யாரும் சாகல" என்றேன்.

இதழ்களுக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக ராஜாமணி சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு அறையில் ஏழு பேரோடு குடித்தனம் செய்தவர். பக்கங்களைக் கையில்கூட வாங்கவில்லை.

"கதைதானே. விடுங்கோ. கதைக்காகவா போனா? புத்தி வந்து போனா."

"பந்தயம்னு சொன்னாகளே சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "'தோத்துட்டேண்ணா'ன்னு வந்து நின்னா. சிரிச்சுண்டேதான் சொன்னா. நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். "மத்தியானமாப் போங்கோ. அவர் ஷிஃப்ட்ல இருப்பார். புஸ்தகம் கொடுக்க வந்தேன்னு மட்டும் சொல்லுங்கோ. அவர் கொஞ்சம் ஒரு மாதிரி."

தங்கையின் புருஷன் எப்படிப்பட்டவர் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

6. விக்ரோலி

இரண்டாவது மாடி. நீளமான வராந்தாவின் கோடியில் பொதுக் குழாய். பத்மா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்ற பிறகும் என்னைத் தெரியவில்லை.

"யாரு?"

"சகாயம்மா. லைப்ரரி சகாயம்."

கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மூக்கில் கண்ணாடித் தடம் மட்டும் இருந்தது.

"கண்ணாடி எங்கம்மா?"

"உடைஞ்சு போச்சு. ஆறு மாசம் இருக்கும்."

"அப்ப படிக்கிறது?"

"காலண்டர்ல தேதி தெரியறது. போறாதா?" உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மாமியார் தூங்கறா. மெதுவாப் பேசுங்கோ."

மெதுவாகத்தான் சொன்னேன். அந்த முடிவு பத்திரிகையில் வந்ததில்லை, படத்தைப் பார்த்து நானாக எழுதியது, உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன்.

"நீங்களா எழுதினேள்?"

"ஆமாம்மா."

"நன்னா எழுதியிருந்தேளே" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். குடத்தைத் தூக்கித் தலையில் போட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

பையிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்தேன். கை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். "எனக்கு எங்கே தெரியப் போறது? நீங்களே படியுங்கோ."

வராந்தாவில் நின்று, தாழ்ந்த குரலில், இரண்டு அத்தியாயமும் படித்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கேட்டாள். நடுவில் இரண்டே கேள்வி.

"திட்டலையா அவனை?"

"இல்லம்மா. காப்பி குடுத்தா."

"பஸ் எத்தனை மணிக்குன்னு போட்டிருக்கு?"

"அஞ்சரை."

படித்து முடித்தேன். அப்புறம், பழைய பத்மாவின் குரலில், "நான் சொன்னேனோல்லியோ, அவ போகமாட்டான்னு" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், வராந்தாவில், இரண்டு மராத்திக்காரப் பெண்கள் பார்க்க அழுதேன்.

"இப்பவும் கெளம்பலாம்மா. உங்க அண்ணன்கிட்ட நான் பேசுதேன்."

"எங்கே கிளம்பறது? அண்ணா பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருக்கா. வாழாவெட்டி அத்தை ஆத்துல இருந்தா எவன் வருவான்? அப்போ ஒரு இடம் இருந்தது, சகாயம். இப்போ இல்லே." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஷிஃப்ட் முடியற நேரம். கிளம்புங்கோ."

மாடிப்படி வரைக்கும் கூட வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். "இதுக்குக் கீழே நான் வர்றதில்லே."

இரண்டு படி இறங்கியிருப்பேன். கூப்பிட்டாள்.

"நீங்க எழுதினதைக் கிழிச்சுட்டு இதை ஒட்டிடுங்கோ. மறந்துடாதேங்கோ. இன்னொருத்தி கேப்பா."

7. பசை

மறுநாள் அந்தப் பதினோரு தாளையும் கிழித்தேன். மயில்துத்தப் பசை லேசில் விடவில்லை. அதோடு ஒட்டியிருந்த அச்சுப் பக்கத்திலும் நான்கு வரி உரிந்து வந்துவிட்டது. அந்த நான்கு வரியை நான் எழுதி நிரப்பவில்லை. வெள்ளையாகவே விட்டேன்.

புத்தகம் மறுபடியும் சுற்றுக்குப் போனது. சிலர் புகார் சொன்னார்கள். "முன்னாடி கையால எழுதின முடிவு ஒண்ணு இருந்துதே, அதுதான் திருப்தியா இருந்தது. இதென்ன, பஸ் ஏத்தி விட்டுட்டு நோட்டு திருத்தறா!" என்றார் ஒரு மாமி. அது கதையில் இல்லாதது மாமி, என் புளுகு என்று சொன்னேன். ஐந்தாறு பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன். முதலாளிக்குக் கோபம். கடை மானம் போகிறது என்றார். போகட்டும் என்றேன்.

விக்ரோலிக்கு மறுபடியும் ஒரு தடவைதான் போனேன், ஒரு கண்ணாடிக் கடைக்காரரை அழைத்துக்கொண்டு. அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மாற்றலாகிப் போய்விட்டார்களாம், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ராஜாமணி சாரைக் கேட்டால், "நன்னா இருக்கா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் மூன்று லைப்ரரிகளில் வேலை பார்த்தேன். கதையை விட்டுப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் என்னிடம் வந்து, "புத்தகத்திலும் இப்படித்தானா?" என்று கேட்டால், படித்திருந்தால் சொல்வேன். இல்லாவிட்டால் படிக்கவில்லை என்பேன். பக்கம் இல்லாத புத்தகத்தில், இந்தப் பக்கங்கள் இல்லை என்று சீட்டு ஒட்டித்தான் கொடுப்பேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தரக்கூடியது இது ஒன்றுதான். தெரியாது என்று சொல்வதற்கு இந்த வேலையில் நிறைய சந்தர்ப்பம் வரும். வாய் கூசாமல் சொல்லுங்கள்.

அந்த வியாழக்கிழமை காலை, "கடைசிப் பக்கம் எங்ககிட்ட இல்லம்மா, முடிவு எனக்குத் தெரியாது" என்று நான் சொல்லியிருந்தால், பத்மா பந்தயத்தில் தோற்றிருக்கமாட்டாள்.